உப்புக் காற்றும் எர்த் வயரும்

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரிகளில் 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கார்கள் ஏற்றப்படுவதில்லை. 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த நான்கு புதிய படகுகளும் ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமான பினாங்குப் பாலத்திலும், 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்திலும் மோட்டார்சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் சுங்கக் கட்டணம் இல்லாததால், கடலைத் தாண்டி வேலைக்குச் சென்று திரும்பும் இருசக்கர வண்டிகள் இந்தத் துறைமுகப் பகுதியின் அன்றாடக் காட்சியாகிவிட்டன. கூடுதல் விளக்கு, உரத்த ஹாரன், கைப்பேசிக்கு மின்னேற்றும் யூஎஸ்பி முனை, முன்புறக் கேமரா என ஏதாவது ஒன்று பின்னர் சேர்க்கப்படாத ‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார்சைக்கிளைக் காண்பது அரிது. இத்தகைய துணைக் கருவி ஒன்று மங்கினாலோ நின்று நின்று வேலை செய்தாலோ, கருவியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாட்டுவதுதான் பலருடைய வழக்கம். ஆனால் பல வேளைகளில் கருவி நலமாகவே இருக்கிறது. மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும் வழிதான் கெட்டிருக்கிறது.

மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, கருவிக்குள் புகுந்து வேலை செய்து, எதிர்முனைக்குத் திரும்பினால்தான் சுற்று நிறைவுறும். இந்தத் திரும்பும் வழியைப் பட்டறைகளில் ‘எர்த்’ என்பர். வீட்டு மின்னிணைப்பில் எர்த் வயர் உண்மையாகவே மண்ணுக்குள் இறங்குகிறது. ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டியிலோ, பேட்டரியின் எதிர்முனையோடு தடித்த கேபிளால் இணைக்கப்பட்ட இரும்புச் சட்டகமும் எஞ்சின் உடலுமே திரும்பும் வழியின் பணியைச் செய்கின்றன. எதிர்முனைக்கென நீண்ட வயர் ஒன்றை இழுக்கும் சிரமத்தை விட்டு, அருகிலுள்ள போல்ட் ஒன்றின் அடியில் கருவியின் வயரைச் செருகி முறுக்கிவிடும் பழக்கம் இதனால்தான் வந்தது. அந்தப் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருக்கலாம், துரு இருக்கலாம், அதற்குச் சட்டகத்தோடு நேரடித் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

கடற்கரை ஊரில் இந்தத் தொடர்பு விரைவில் கெடுவதற்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும் என்பதாலும், பினாங்கின் காற்று பெரும்பாலான இரவுகளில் அந்த அளவுக்கு மேலேயே இருப்பதாலும், அலைத் திவலையோடு வந்து படியும் உப்பு மழை பெய்யாத நாளிலும் ஈரப்படலமாக மாறிவிடுகிறது. செப்பு வயர், தகரம் பூசிய முனை, துத்தநாகம் பூசிய போல்ட், அலுமினிய எஞ்சின் உடல் என வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் அந்த உப்பு நீர் புகுந்தால், அங்கே யாரும் கேட்காத சின்னஞ்சிறு பேட்டரி ஒன்று உருவாகி, வினைத்திறன் மிகுந்த உலோகத்தை அரித்து, மின்சாரத்தைக் கடத்தாத வெண்பொடியாக மாற்றிவிடும். வெட்டிய வயரின் முனை திறந்திருந்தால், ஈரம் மெல்லிய செப்பு இழைகளின் இடுக்கு வழியே உறைக்குள் ஏறுகிறது. வெளியே புதிதாகத் தோன்றும் வயரைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருப்பது இதனால்தான்.

எர்த் கெட்டதன் அறிகுறிகள் சில வேளை விந்தையானவை. பின்விளக்கும் பின்புறச் சிக்னலும் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்ளும் வண்டியில் அந்த வயர் அறுந்தால், சிக்னலுக்கு வந்த மின்னோட்டம் வேறு வழியின்றிப் பின்விளக்கின் இழைக்குள் தலைகீழாகப் பாய்ந்து, அதோடு சேர்ந்த மீட்டர் விளக்கின் வழியாகச் சட்டகத்தை எட்ட முயலும். சிக்னல் போட்டால் மீட்டர் மினுக்குவது ஏன் என்று ஓட்டுநர் குழம்புவார். இதைவிட ஆபத்தானது, எஞ்சினையும் பேட்டரியையும் இணைக்கும் தடித்த எர்த் கேபிள் அரித்துப்போவது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் அப்போது கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சட்டகத்துக்குச் சென்ற துணைக் கருவியின் மெல்லிய வயர்தான் எஞ்சியிருக்கும் ஒரே வழி என்றால், அது சூடேறி உருகிவிடும்.

பழுதைத் தேடும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். மல்டிமீட்டரில் ‘பீப்’ ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனை, சில பத்து ஓம் வரையிலான மின்தடையையும் நல்ல இணைப்பு என்றே அறிவிக்கும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் ஹாரன் ஒன்றின் தடையைத் தோராயமாக 3 ஓம் எனக் கொள்வோமானால், எர்த் இணைப்பில் 1 ஓம் சேர்ந்த மாத்திரத்தில் மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறையும், ஹாரனுக்கு 9 வோல்ட் மட்டுமே கிட்டும், மீதி 3 வோல்ட் அந்த அரித்த இணைப்பிலேயே 9 வாட் வெப்பமாக வீணாகும். தொடுபவர் கைசுடும் அளவுக்கு இணைப்பு கொதித்தாலும், மின்னோட்டம் கூடாமல் குறைந்தே இருப்பதால் ஃபியூஸ் போகாது. மீட்டரோ மகிழ்ச்சியாகப் ‘பீப்’ என்னும்.

ஆகவே சோதனை, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்தப்பட வேண்டும். மீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையைக் கருவியின் எர்த் முனையிலும் தொட்டபடி கருவியை இயக்கினால், திரும்பும் வழியில் எவ்வளவு மின்னழுத்தம் தொலைகிறது என்பது நேரடியாகத் தெரியும். 0.1 வோல்ட் அளவு நன்று, 0.2ஐத் தாண்டினால் சிவப்பு முனையைப் பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திவர, எண் சட்டென்று விழும் இடத்தில் பழுது பிடிபடும். அதே முறையை நேர்முனைப் பக்கத்திலும் செய்துவிட்டு, கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது நலம், ஏனெனில் கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து உறைக்குள் மட்டும் முறிந்த வயர் நேராக நிற்கும் வண்டியில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

சரிசெய்யும்போது, பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் வளைய முனையைப் பொருத்தி, இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசுவது அடிப்படை. ஆயினும் அதிக மின்னோட்டம் இழுக்கும் கருவிக்குப் போல்ட்டை நம்பாமல் பேட்டரியின் எதிர்முனை வரை தனி வயர் இழுப்பதே கடலோரத்துக்கு ஏற்றது. 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் ஒரு மீட்டருக்கு 4 ஆம்பியரில் ஏறத்தாழ 0.14 வோல்ட் குறையும் என்பதால், மலிவான துணைக் கருவிகளோடு வரும் மெல்லிய வயரை மாற்றிவிடுவதும் நல்லது. மூட்டுகளுக்குக் கறுப்புப் பசைநாடாவைச் சுற்றுவது இந்த வெயிலில் நெடுநாள் நிலைக்காது; உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயே நீரைத் தடுக்கும். ஃபியூஸ் காப்பது கருவியை விட வயரையே என்பதால் அதன் இடம் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மலேசியாவில் 1992 முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும். ஆதலால் எப்போதும் மின்சாரம் ஓடும் முன்விளக்கு வயர் இணைப்புக்கு வசதியானதாகத் தோன்றும். ஆனால் சிறு வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு பேட்டரியைத் தொடாமல், எஞ்சின் சுற்றும் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் மாறுமின்னோட்டத்தை நேரடியாகப் பெறுகிறது. அதில் மாட்டிய எல்இடி விளக்கு படபடக்கும், யூஎஸ்பி முனை எரிந்தே போகலாம். சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் நேர்மின் வயர் ஹோண்டாவில் பொதுவாகக் கறுப்பு, யமஹாவில் பழுப்பு. எர்த்தோ ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு என்பதால், ஒரு வண்டியில் கற்ற நிறத்தை மற்றதில் பயன்படுத்துவது ஃபியூஸுக்கு நல்லதன்று.

சாவி வயரிலிருந்து முழு மின்னோட்டத்தையும் இழுக்காமல், அதைக் கொண்டு ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சை மட்டும் இயக்கி, கருவிக்கான மின்சாரத்தை ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்தே தருவது முறையான அமைப்பு. ரிலேயின் 85, 86 எண் முனைகள் சுருளுக்கும், 30ஆம் முனை பேட்டரிக்கும், 87ஆம் முனை கருவிக்கும் உரியவை. சாவியை எடுத்ததும் சுற்று தானாக அறுபடும் என்பதே இதன் கூடுதல் பயன்: நேரடியாகப் பேட்டரியில் மாட்டிய கேமரா ஒன்று ஓய்விலும் 50 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால், 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சிறு பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில், முற்றும் வற்றிவிடும்.