ஒட்டகத்தையும் தீண்டும் ஆட்டுக்கொல்லி

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே குர்பானி ஆட்டை வாங்கிவந்து கட்டிவைக்கும் அடையாறு அன்பர்களே! ஆட்டுக்கொல்லி நோயை அறிவீர்களா? இந்த வைரஸ் நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987இல், நம் விழுப்புரம் பகுதி அரசூரில்தான். ஆடுகளோடு மேய்ச்சல் நிலத்தையும் நீர்த்துறையையும் பகிர்ந்துகொள்ளும் ஒட்டகங்களும் இதற்குத் தப்பவில்லை. 2004இல் சூடானில் ஒட்டகங்கள் இந்நோய்க்கு இரையாயின.

மனிதரை இது தொற்றுவதில்லை. எனினும் காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் காணும் ஆட்டை மற்ற ஆடுகளோடு கட்டாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். வெயிலில் வாடியது என்று வியாபாரி சமாதானம் சொல்வார், நம்பவேண்டாம். வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்கு ஆகாது என நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அரசூரில் கிடைத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியுள்ளது. அது போடப்பட்டதா என்று விசாரித்த பின்பே விலை பேசுங்கள்.