கீறல் விழுந்த மூங்கிலில் ஒரு குடித்தனம்

எங்கள் நாலுமுக்கு எஸ்டேட்டில் அவரைப் பந்தலுக்கு ஒல்லி மூங்கில் வெட்டி வரும்போது, ஓட்டை விழுந்ததை அம்மா தூக்கி எறிவாள். "உளுத்துப்போச்சு" என்பாள். அந்த ஓட்டைக்காக ஏங்கும் உயிர் ஒன்று பக்கத்துக் காட்டிலேயே இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

அது ஒரு தவளை. பெயர் ராவோர்கெஸ்டிஸ் சலசோடஸ். கட்டைவிரல் நுனியில் உட்காரும் அளவு. உடம்பு பளீர்ப் பச்சை, தொடையில் சாம்பல் நீலம், கறுத்த கண்ணில் பொன் திட்டுகள். 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் திருவிதாங்கூர் மாதிரியை வைத்து இதை விவரித்தார். அதன்பின் தகவலே இல்லை. 2011-இல்தான் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், மேல் கோதையாறுப் பக்கம் மீண்டும் கண்டார்கள். நூற்று முப்பத்தைந்து வருஷம்! அத்தனை காலமும் அது காணாமல் போகவில்லை. மூங்கிலுக்குள் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூங்கிலின் இரு கணுக்களுக்கு நடுவே உள்கூடு காலி. எலியோ பூச்சியோ கடித்து அதில் சின்னக் கீறல் விழுந்தால், ஆண் தவளை உடம்பை நசுக்கிக்கொண்டு நுழைந்து, உள்ளிருந்தே கூப்பிடும். பெண் வந்து உள்சுவரில் ஐந்தாறு முட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். இந்த இனத்தில் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும். எனவே குளம் குட்டை தேவையில்லை, மூங்கிலின் ஈரம் போதும்.

முட்டை பொரியும்வரை காவல் அப்பன்தான். யாரிடமிருந்து? முக்கியமாகச் சொந்த இனத்து ஆண்களிடமிருந்து. சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அப்பனை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள்; வேறு ஆண்கள் நுழைந்து முட்டைகளைத் தின்றன. தவளை உலகத்தில் பங்காளிச் சண்டை இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆக, இதற்குக் காடு பச்சையாக இருந்தால் மட்டும் போதாது. முற்றிய மூங்கில் வேண்டும், அதைக் கடிக்க ஓர் உயிர் வேண்டும், கடித்த இடமும் சரியான அளவில் அமையவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே ஒல்லி மூங்கிலைத்தான் பாய், கூடை, காகிதக் கூழ் என்று வெட்டி வந்திருக்கிறோம். வெட்டவே கூடாது என்று பிழைப்புக்கு வழியில்லாதவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. தவளை முட்டையிடும் மழை மாதங்களை மட்டுமாவது விட்டுவைக்கலாம். ஓட்டை விழுந்த கழிகளைப் புதரிலேயே நிற்க விடலாம்.