பிடதி சாமியாரைக் கொண்டுவர வேண்டுமா?

பெங்களூரில் இருந்து மைசூர் போகும் ரெயிலில் கெங்கேரியைத் தாண்டினால் பிடதி வரும். அதற்கும் அப்பால் ராமநகரம். இரண்டு ஊருக்கும் இடையே ரெயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பிடதி ஆசிரமத்து நித்யானந்தா மீதான கற்பழிப்பு வழக்கு இந்த ராமநகரம் கோர்ட்டில்தான் நடந்தது. அந்த அரை மணி நேரப் பயணத்தைச் செய்ய வேண்டியவர் நாட்டை விட்டே போய்விட்டார். 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதே கோர்ட்டு அவருக்கு ஜாமீனில் வெளியே வர முடியாத வாரண்டு பிறப்பித்தது. வாரண்டு இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

இவர் யார் என்று பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலைக்காரர். இயற்பெயர் ராஜசேகரன். தியானம் கற்றுக்கொள்ள பிடதிக்குப் போய் வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்தில் ஏராளம். 2010 மார்ச்சில் ஒரு வீடியோ காட்சி டி.வி.யில் ஒளிபரப்பானது. அதைத் தொடர்ந்து அவரிடம் முன்பு டிரைவராக இருந்தவர் புகார் கொடுத்தார். ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்தில் கைது. ஜூனில் ஜாமீன்.

அதன் பிறகு வழக்கு நகர்ந்த வேகத்தைப் பாருங்கள். பெண் சீடர் ஒருவர் தமக்கு நேர்ந்ததாகக் கூறிய கொடுமைகள்தான் வழக்கின் மையம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆண்மைப் பரிசோதனை செய்யலாமா, கூடாதா என்பதே பெரிய சண்டையாகி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2014 செப்டம்பரில்தான் அந்தப் பரிசோதனை பெங்களூர் விக்டோரியா ஆஸ்பத்திரியில் நடந்தது. குற்றச்சாட்டு பதிவானது 2018-ல். அதாவது கைதாகி 8 ஆண்டுகள் கழித்து! அதே 2018-ல் அவருடைய பாஸ்போர்ட்டு காலாவதி ஆனது. 2019 நவம்பரில், ஆமதாபாத் ஆசிரமம் தொடர்பான வேறொரு வழக்கை விசாரித்த குஜராத் போலீசார், அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். 2020 பிப்ரவரியில் கர்நாடக ஐகோர்ட்டு ஜாமீனை ரத்து செய்தது.

அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மறுத்திருக்கிறார். இதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் கோர்ட்டும் இந்த வழக்கில் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அப்படியானால், தீர்ப்பே ஆகாத ஒருவரை வெளிநாட்டில் பிடித்து இழுத்து வருவது நியாயமா? பலர் கேட்கும் கேள்வி இது.

ஒரு சொல்லால் வந்த குழப்பம்

'நாடு கடத்தல்' என்று பத்திரிகைகளில் நாமே எழுதிவிடுகிறோம். படிப்பவர்களுக்கு அந்தமான் தண்டனை நினைவுக்கு வருகிறது. ஊரை விட்டுத் துரத்துவதும் நாடு கடத்தல், ஓடிப் போனவரை ஊருக்குக் கொண்டுவருவதும் நாடு கடத்தல் என்றால் குழம்பத்தான் செய்யும். இங்கே பேச்சு ஒப்படைப்பதைப் பற்றியது. வழக்கு நடக்கும் கோர்ட்டில் ஆளை நிறுத்துவதற்காக ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் அவரை ஒப்படைப்பது. அதில் தண்டனை எதுவும் கிடையாது.

இதற்காக நம் நாட்டில் 1962-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கேட்டவுடன் ஆளைக் கட்டி அனுப்பும் வேலை இல்லை. இரண்டு நாட்டிலும் அது குற்றமாக இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்காகக் கேட்டார்களோ அதற்காக மட்டுமே விசாரிக்க வேண்டும். அரசியல் பழிவாங்கல் என்றால் மறுக்கலாம். தண்டனைக்கு உச்சவரம்பு கேட்கவும் செய்யலாம். 2005-ல் அபு சலேமை ஒப்படைத்தபோது, தூக்குத் தண்டனை கிடையாது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியாவிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் போர்ச்சுகல் அனுப்பியது. பொய் வழக்கு என்று சொல்பவருக்கு அங்கே ஒரு கோர்ட்டு, இங்கே ஒரு கோர்ட்டு என்று இரண்டு இடத்தில் வாதாட வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஒரு தடவை ஆஜராகத் தவறினால் மறுவாரமே வாரண்டு வரும் நம்மைப் போன்றவர்களுக்கு இத்தனை வசதி இல்லை.

ஹாசன் எம்.பி. திரும்பிய கதை

இதே கர்நாடகத்தில் நடந்த இன்னொரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹாசன் எம்.பி.யாக இருந்த பிரஜ்வல் ரேவண்ணா, முன்னாள் பிரதமர் தேவேகவுடாவின் பேரன். 2024 ஏப்ரல் 26-ந் தேதி அவருடைய தொகுதியில் ஓட்டுப்பதிவு. மறுநாளே ஜெர்மனிக்குப் பறந்தார். கையில் இருந்தது ராஜதந்திரப் பாஸ்போர்ட்டு என்பதால் விசாகூடத் தேவைப்படவில்லை. பெண்களைப் பலாத்காரம் செய்ததாகப் புகார்கள் குவிந்தன. முதல்-மந்திரி சித்தராமையா மே மாதத்திலேயே பிரதமருக்கு இரண்டு கடிதம் எழுதினார். இன்டர்போல் நோட்டீஸ் போனது. பாஸ்போர்ட்டை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று வெளியுறவு அமைச்சகம் கேட்டது. "வந்து சட்டத்தைச் சந்தி" என்கிற பொருள்பட, தாத்தாவே பகிரங்கக் கடிதம் எழுதினார்.

மே 31-ந் தேதி மூனிச்சில் இருந்து வந்த விமானத்தில் அவர் இறங்கினார். பெங்களூர் விமான நிலையத்திலேயே கைது. அழைத்துச் சென்றவர்கள் பெண் போலீஸ் அதிகாரிகள். ஜெர்மனியிடம் ஒப்படைப்புக் கேட்கும் அளவுக்கு விஷயம் போகவே இல்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அரசியல் சதி என்று அவரும் சொன்னார். அதைக் கோர்ட்டில் சொன்னார். எதிர்த்தரப்பும் கோர்ட்டில் பேசியது. ஒரு வழக்கில் 2025 ஆகஸ்டு 1-ந் தேதி அவர் குற்றவாளி என்று தீர்ப்பு. மறுநாள் ஆயுள் தண்டனை. கைதான நாளில் இருந்து 14 மாதம்! புகார் கொடுத்தவர் வீட்டு வேலை செய்த ஒரு பெண். அவருடைய புடவையில் கிடைத்த தடயம் சாட்சியாக நின்றது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவருக்கு வழி இருந்தது, செய்தார். இருவருக்கும் நீதிக்கு வழி இருந்தது, ஆள் எதிரே நின்றதால்.

ஜெயநகரிலும் இந்திரா நகரிலும் வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்கள் எத்தனை ஆயிரம்! எம்.பி.யின் மீதே ஒரு வேலைக்காரப் பெண் புகார் கொடுத்து வென்றது அவர்களுக்குத் தெரியும். பிடதி வழக்கில் 2010-ல் இருந்து தீர்ப்பு வரவில்லை என்பதும் தெரியும். நாளை தங்களுக்கு ஒன்று நேர்ந்தால் வாய் திறப்பதா, மூடிக்கொள்வதா என்பதை இந்த இரண்டில் எதைப் பார்த்து முடிவு செய்வார்கள்?

தமிழர் என்பதாலா?

'சாமியார் தமிழர், அதனால்தான் இங்கே விரட்டுகிறார்கள்' என்று நம்மவர்களில் சிலர் டீக்கடைகளில் பேசுவதுண்டு. இந்த மண்ணில் நாம் பட்டதெல்லாம் பட்டவர்கள், அப்படித் தோன்றுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹாசன் வழக்கில் சிறைக்குப் போனவர் இந்த மண்ணின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. இலங்கையில் இருந்து வந்த பிரேமானந்தா நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆசிரமம் வைத்திருந்தவர். 1994 நவம்பரில் கைதானார், 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை கோர்ட்டு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அவரும் தமிழர், தண்டித்ததும் தமிழ்நாட்டுக் கோர்ட்டு. சாமியார் நம்மவர் என்றால், புகார் சொன்ன சீடர்களும் அவரை நம்பிப் போனவர்கள்தானே!

ஆள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரிக்க வழி செய்கிறது. நல்லதுதான். ஆனால் தண்டனை விதித்தால் யாரை உள்ளே வைப்பது? குற்றமற்றவர் என்றால், வெளிநாட்டில் ஒளிந்திருந்தே விடுதலை வாங்குவதா?

காலம் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. விக்கிலீக்ஸ் ஜூலியன் அசாஞ்சே மீது 2010-ல் சுவீடனில் இரு பெண்கள் புகார் கூறினர். அவர் மறுத்தார். 2012-ல் அவரை ஒப்படைக்க பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு சம்மதித்ததும், லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகத்துக்குள் புகுந்துகொண்டார். அமெரிக்கா பிடித்துவிடும் என்று அவர் பயந்தது வீண் பயம் அல்ல, பின்னால் அமெரிக்கா வழக்குப் போட்டது. ஆனால் அந்தச் சண்டையில் நசுங்கியது பெண்களின் புகார். 2015-ல் சில குற்றச்சாட்டுகள் காலக்கெடு முடிந்து செத்தன. 2019-ல், நாளாகிவிட்டதால் சாட்சியங்கள் வலுவிழந்தன என்று சொல்லி சுவீடன் விசாரணையையே கைவிட்டது. அவர் குற்றவாளியா, இல்லையா என்று இனி எந்தக் கோர்ட்டும் சொல்லப் போவதில்லை.

நீல நோட்டீசும் சிவப்பு நோட்டீசும்

பிடதிக்காரரும் ஈக்வடாரிடம்தான் அடைக்கலம் கேட்டார். அந்த நாடு 2019-ல் மறுத்துவிட்டது. பிறகு 'கைலாசா' என்ற பெயரில் தனி நாடு என்றார்கள். 2023 பிப்ரவரியில் அதன் பிரதிநிதிகள் ஜெனீவாவில் ஐ.நா. கூட்டத்தில் பேசினார்கள். பேசியதைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்றது ஐ.நா. அதே ஆண்டு அவர்களுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பராகுவே அதிகாரி ஒருவர் பதவி இழந்தார். 2025-ல், பழங்குடிகளின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த விவகாரத்தில் கைலாசா ஆட்களை பொலிவியா வெளியேற்றியது. இத்தனை நாடுகளில் நடமாடும் ஒரு கூட்டத்தின் தலைவரை நம் சர்க்காரால் நெருங்க முடியவில்லை என்றால் நம்புவது சிரமம்.

2020-ல் குஜராத் போலீசார் கேட்டு வாங்கியது இன்டர்போல் நீல நோட்டீஸ். ஒருவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று தகவல் கேட்பது அது. ஒப்படைப்பதற்காகப் பிடித்து வைக்கச் சொல்வது சிவப்பு நோட்டீஸ். இருக்கும் இடம் தெரிந்தால் குற்றப்பத்திரிகை, வாரண்டு, சாட்சியங்கள் எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகம் வழியாக அனுப்ப வேண்டும். ராமநகரத்துக் கன்னடக் காகிதங்கள் ஸ்பானிய மொழிக்குப் போக வேண்டியிருக்கலாம். அனுப்பினாலும் காத்திருக்க வேண்டும். விஜய் மல்லையா 2016-ல் லண்டன் போனார். 2020-ல் அவருடைய அப்பீல் தள்ளுபடியான பிறகும் விமானம் ஏறவில்லை.

ஹாசன் எம்.பி.க்காக ஒரே மாதத்தில் இரண்டு கடிதம் டெல்லிக்குப் போனது. ராமநகரம் மாவட்டத்துக்கு 2025-ல் பெங்களூர் தெற்கு என்று பெயரும் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறிய மாவட்டத்தின் பழைய வாரண்டு இப்போது எந்த இலாகாவில், யார் மேசையில் இருக்கிறது என்று அந்த மாவட்டத்து எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் ஒரு கேள்வி போட்டுக் கேட்கலாம்.