வலையமைப்புச் சேமிப்பகம்

வலையமைப்புச் சேமிப்பகம் என்பது வீட்டு வலையமைப்பில் இணைக்கப்பட்டு, தொலைக்காட்சி, கணினி முதலிய கருவிகளுக்குக் கோப்புகளை வழங்கும் வன்தட்டுப் பெட்டி ஆகும். டிவிடிகளில் உள்ள திரைப்படங்களையும் குடும்ப நிகழ்படங்களையும் இதில் சேமித்துப் பார்க்கலாம். டிவிடி நிகழ்படத்தின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 மெகாபிட்டு. ஆகவே 100 மெகாபிட்டு கம்பி இணைப்பே தாராளமானது. இணையத் தொடர்பு அறுந்தாலும் படம் ஓடும்.

ரெய்டு 1 முறையில் ஒரே தரவு இரு வன்தட்டுகளில் எழுதப்படுவதால், ஒன்று பழுதானாலும் தரவு தப்பும். எனினும் இதனைக் காப்புப்படி எனக் கருதுவது தவறு. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றின் பல பகுதிகள் நீரில் சூழப்பட்டன. தரைத்தளத்தில் பெட்டியை வைப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். திரைப்படத்தை மீண்டும் வாங்கவியலும். திருமண நிகழ்படத்தை வாங்கவியலாது. எனவே அதன் படியொன்றைத் தனி வன்தட்டில், வேறொரு வீட்டில் வைத்திருத்தல் நலம்.