ஸ்னோ ஒயிட்டுக்கு சித்தி எப்படி வந்தாங்க?

கம்பம், சின்னமனூர், போடி என்று எந்த ஊரில் இங்கிலீஷ் மீடியம் படிச்சிருந்தாலும், யு.கே.ஜி. வயசுல உங்க கைக்கு ஒரு பளபளப் புத்தகம் வந்திருக்கும். பக்கத்துக்கு ரெண்டு வரி எழுத்து, மீதி முழுக்கப் படம். நீல மேல்சட்டையும் மஞ்சள் பாவாடையும் போட்ட ஸ்னோ ஒயிட், கண்ணாடி முன்னாடி முறைச்சுக்கிட்டு நிற்கிற ராணி. அட்டையில் 'கிரிம்' என்று பேர் போட்டிருந்தாலும் அந்த டிரெஸ் ஜெர்மனியில் தைத்தது இல்லை. 1937-இல் வந்த டிஸ்னி படத்தில் இருந்து வந்தது.

டிரெஸ்ஸை விடுங்க. அந்த ராணியைப் பற்றித்தான் பேசணும்.

யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இரண்டு பேரும் மொழி ஆராய்ச்சி செய்தவர்கள். 1812-இல் அவர்கள் கொண்டுவந்த முதல் தொகுதியில் 86 கதைகள். படம் ஒன்றுகூட கிடையாது, பின்னாடி ஆராய்ச்சிக் குறிப்புகள் வேறு. பேரில்தான் குழந்தைகள் இருந்தார்கள். பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒருத்தனை நிஜமாவே அறுத்துவிடுகிற கதைகூட அதில் இருந்தது. 1819 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

அந்த 1812 புத்தகத்தில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்கிற ராணி அவளுடைய சொந்த அம்மா. பனி மாதிரி வெள்ளையா ஒரு பிள்ளை வேணும்னு ஆசைப்பட்ட அதே அம்மாதான், பிறகு அந்தப் பிள்ளையின் நுரையீரலையும் ஈரலையும் சமைச்சுத் தரச் சொல்கிறாள். 1819-இல் வில்ஹெல்ம் ஒரு வேலை செய்தார். நல்ல அம்மாவைப் பிரசவத்தில் சாகவிட்டு, கெட்டதை எல்லாம் புதுசா வந்த இரண்டாம் தாரத்தின் மேல் போட்டார். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்லும் ஹான்செல், கிரெட்டெல் கதையின் அம்மாவும் 1840 பதிப்பில் இதே மாதிரி மாறிவிட்டாள். 'அம்மா' என்ற சொல்லுக்குக் கறை படக் கூடாது என்பதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதில் படங்களுக்கும் பங்கு உண்டு. 1823-இல் எட்கர் டெய்லரின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஜார்ஜ் குரூக்‌ஷாங்கின் படங்களோடு லண்டனில் வந்து நன்றாகப் போனது. அதைப் பார்த்துத்தான் கிரிம் சகோதரர்கள் 1825-இல் சின்னப் பதிப்பு ஒன்று போட்டார்கள்: 50 கதைகள், ஓவியரான தம்பி லுட்விக் எமில் வரைந்த 7 படங்கள். வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் புத்தகம்தான். நம்ம யு.கே.ஜி. புத்தகத்துக்குத் தாத்தா என்றும் சொல்லலாம். நாலு வயசுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, படம்தான் கதை. ஒரு தடவை கொடூர முகத்தோடு வரைந்துவிட்டால் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

தமிழில் சிக்கல் இன்னும் பெரிசு. புத்தகத்தில் 'மாற்றாந்தாய்' என்று அச்சடிக்கலாம், வாயால் கதை சொல்லும்போது யார் அப்படிச் சொல்றாங்க? 'சித்தி' என்றுதான் வரும். நமக்கு சித்தி என்றால் அம்மாவின் தங்கச்சியும்தான், சித்தப்பா சம்சாரமும்தான். அக்கா இறந்து தங்கச்சியைக் கட்டிவைத்த குடும்பங்கள் நம்ம பக்கம் இருக்கு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டி, "இதான் சித்தி" என்று சொன்னால் அது யாரை நினைக்கும்? 200 வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில் ஒருத்தர் செய்த எடிட்டிங், வந்து விழுகிற இடம் நம்ம வீட்டு அடுப்பங்கரை.

நம்ம கதை இந்த மாதிரி தப்பிக்கவில்லை. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கு. அங்கேயும் பஞ்சம்தான். சோறு போடாத அண்ணி மூளி அலங்காரி கெட்டவள், சரி. ஆனால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுவது பெற்ற அம்மாவேதான். பாட்டாகப் பாடியவர்களும் சரி, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சடித்தவர்களும் சரி, அதை இன்னொருத்தி தலையில் கட்டவில்லை. பசி என்ன செய்யும் என்பது அதனால்தான் அந்தக் கதையில் அப்படியே தெரிகிறது.

கி. ராஜநாராயணன் வேறு வழி பிடித்தார். கரிசல் காட்டில் சேகரித்த கதைகளில் பிள்ளைகளுக்கு ஆகாத பாலியல் கதைகளைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பேர் வைத்துத் தனிப் புத்தகமாகவே போட்டுவிட்டார். எனக்கு வில்ஹெல்மைவிட இவர் வழிதான் நேர்மையாகப் படுகிறது.

அதற்காக அக்கா பிள்ளைக்கு 1812 பதிப்பை வாசிச்சுக் காட்டிடாதீங்க, ராத்திரி தூங்காது! படப் புத்தகமே போதும். வாய்விட்டுச் சொல்லும்போது மட்டும் 'சித்தி' வேண்டாம், 'ராணி' என்று சொல்லுங்க. கதையில் ஒரு திருப்பமும் கெடாது. கடைசியில் இளவரசன் முத்தம் கொடுக்கிற பக்கம் வந்தால், அதுவும் கிரிமில் இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போகிற ஆள் இடறுகிறான், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கின ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், சொல்லிப் பாருங்க.