அதிர்வைக் கூட்டினால் வீதி இறுகுமா?

வீதிகளுக்குக் காபட் இடும் தொழிலில் நம்மவர்கள் பலர் ஏதோ ஒரு விதத்தில் சம்பந்தப்பட்டிருக்கின்றனர். சிலர் டிப்பர் வாடகைக்கு விடுகின்றனர். சிலர் கல்லும் மணலும் வழங்குகின்றனர். இன்னும் சிலர் பெரிய கொம்பனிகளிடம் உப ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வீதி வேலைகள் பல இடைநடுவில் நின்று, கொடுப்பனவுகளும் முடங்கியபோது இத்துறையிலுள்ள சிறியவர்கள் பட்ட பாடு வாசகர்களுக்குத் தெரியும். அப்படியான நிலையில், வேலைத்தளத்தில் வீணாகும் ஒவ்வொரு தொன் கலவையும் நமது சொந்தப் பணம்தான்.

இந்த வீண்விரயத்துக்குக் காரணமாகும் ஒரு சின்ன விடயத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். காபட் இடும் பேவர் இயந்திரத்தின் ஸ்கிரீட் அதிர்வை எப்படிச் சரிப்படுத்துவது என்பதே அது. ஒரு திருகு சம்பந்தப்பட்ட சங்கதிதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

நான் பட்ட அனுபவம்

2017 ஆம் ஆண்டு மூன்றரை மீற்றர் அகலமான ஓர் உள்ளூர் வீதி வேலையை உப ஒப்பந்தமாக எடுத்திருந்தேன். பேவர் வாடகைக்கு வந்தது. அதனோடு ஒபரேட்டரும் வந்தார். நல்ல பிள்ளை, வேலையில் சுறுசுறுப்பு. "நானா, அதிர்வை முழுசா வச்சிடுவம். பேவரே இறுக்கிட்டா றோலர் வேலை குறையும், டீசலும் மிச்சம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் பொறியியலாளர் வந்து பார்த்தார். வீதியின் நடுவில் தார் மேலே கசிந்து பட்டையாகப் பளபளத்தது. பழைய வீதியில் மேடு இருந்த ஓரிடத்தில் காபட்டின் தடிப்பு 25 மில்லிமீற்றருக்கு இறங்கியிருந்தது. அங்கே கற்கள் நசுங்கி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இடது ஓரமோ வாய் திறந்து, சொரசொரப்பாகக் கிடந்தது. துளையிட்டு எடுத்த மாதிரிகளில் சில அடர்த்திப் பரிசோதனையில் தேறவில்லை. அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்து மீண்டும் இட வேண்டியதாயிற்று. அந்த வேலையில் எனக்கு வரவேண்டிய இலாபம் அந்த ஒரு நாளோடு போய்விட்டது. ஒபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி கேட்காமல் தலையாட்டியவன் நான்தான்.

ஸ்கிரீட் என்ன செய்கிறது?

பேவரின் பின்னால் இரண்டு நீண்ட கைகளால் இழுக்கப்பட்டு வரும் கனமான இரும்புப் பகுதியே ஸ்கிரீட் ஆகும். மேசன்மார் சாந்தை மட்டப்படுத்தும் பலகையைப் போன்றது. ஆனால் இது எந்த உயரத்திலும் பூட்டி வைக்கப்பட்டதல்ல. சூடான கலவையின் மேல் மிதந்து வருகிறது. 1930களில் அமெரிக்காவின் பாபர் கிரீன் நிறுவனம் கொண்டுவந்த இந்த மிதக்கும் முறைதான் இன்றைய பேவர்களுக்கும் அடிப்படை.

மிதக்கும் பொருள் என்பதால், அதன் மேல் செயற்படும் விசைகளில் ஒன்று மாறினாலும் அது உயரும் அல்லது தாழும். பேவரின் வேகம், ஸ்கிரீட்டின் முன்னால் குவியும் கலவையின் அளவு, கலவையின் சூடு, அதிர்வு ஆகிய நான்கும் இதில் பங்கெடுக்கின்றன. அதிர்வை மாத்திரம் தனியே எடுத்துக் கூட்டிக் குறைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

மீடிறனும் வீச்சமும்

ஸ்கிரீட்டுக்குள் ஒரு தண்டு சுழல்கிறது. அதில் ஒரு பக்கம் பாரம் கூடிய எடைகள் பொருத்தப்பட்டுள்ளன. தண்டு சுழலும்போது ஸ்கிரீட் அதிர்கிறது. பாடசாலையில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மீடிறன், வீச்சம் என்ற இரு சொற்களும் நினைவிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை அதிர்கிறது என்பது மீடிறன். ஒவ்வொரு அதிர்வும் எவ்வளவு பலமாக விழுகிறது என்பது வீச்சம்.

மீடிறனை ஹைட்ரோலிக் திருகின் மூலம், இயந்திரம் ஓடும்போதே மாற்றலாம். பல இயந்திரங்களில் இது நிமிடத்துக்கு 3000 வரை போகும். வீச்சம் அப்படியல்ல. அதை மாற்றும் வசதியுள்ள இயந்திரங்களில், இயந்திரத்தை நிறுத்தி, தண்டிலுள்ள எடைகளின் நிலையை மாற்ற வேண்டும். மெல்லிய காபட்டுக்குக் குறைந்த வீச்சமும், தடித்த படைக்குக் கூடிய வீச்சமும் வைப்பது பொது விதி. முதல் நாள் தடித்த அடிப்படை இட்ட இயந்திரத்தை மறுநாள் அப்படியே மெல்லிய மேற்படைக்குக் கொண்டுவந்தால் கல் நசுங்குவதில் வியப்பில்லை. எனது வேலையில் மேட்டின் மேல் நடந்ததும் இதுவே. படை மெலிந்த இடத்தில் பெரிய கற்கள் கீழேயும் போக வழியில்லாமல், மேலேயும் அடி வாங்கி நசுங்கின.

அதிர்வு, பேவரின் வேகத்தோடும் சேர்ந்தது. நிமிடத்துக்கு 1800 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். பேவர் நிமிடத்துக்கு 3 மீற்றர் நகர்ந்தால் ஒரு மீற்றருக்கு 600 அதிர்வு விழும். அதே பேவர் 6 மீற்றர் வேகத்தில் ஓடினால் 300 தான் விழும். லொறி பிந்தியது என்று நிறுத்துவதும், வந்தவுடன் விரைவாக ஓட்டுவதுமாக வேலை செய்தால், திருகை எந்த அளவில் வைத்தாலும் வீதி ஒரே சீராக இறுகாது.

ஆகவே முதலில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். மூன்றரை மீற்றர் அகலம், இறுகிய பின் 50 மில்லிமீற்றர் தடிப்பு என்றால், ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.41 தொன் கலவை தேவை. மணித்தியாலத்துக்கு 60 தொன் வந்து சேருமானால் பேவர் ஓட வேண்டிய வேகம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை மீற்றர். அதைவிட விரைந்தால் அடுத்த லொறிக்காகக் காத்து நிற்க வேண்டிவரும்.

சரிப்படுத்தும் முறை

வேலை தொடங்குமுன் ஸ்கிரீட்டின் அடித்தகட்டை நன்கு சூடாக்க வேண்டும். குளிர்ந்த தகட்டில் கலவை ஒட்டி, மேற்பரப்பு கிழியும். கலவை ஆறியிருந்தாலும் இப்படித்தான் கிழியும். அதற்கு அதிர்வைக் கூட்டுவது மருந்தல்ல.

அடுத்து, ஆணிகளும் பெயாரிங்குகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அகலத்தைக் கூட்டும் நீட்டிப் பகுதிகளுக்குத் தனித்தனி அதிர்வுத் தண்டுகள் உண்டு. அவை நடுப்பகுதியின் அளவிலேயே அதிர்கின்றனவா என்று டாகோமீற்றர் என்ற சிறு கருவியால் அளக்க வேண்டும். எனது வேலையில் இடது ஓரம் வாய் திறந்ததற்குக் காரணம், அந்தப் பக்கத்து அதிர்வு பாதிகூட இல்லாமல் இருந்ததுதான். வேலைக்கு முன் யாரும் அளந்து பார்க்கவில்லை.

பிறகு நடுத்தர அளவில் தொடங்கி, சிறிது தூரம் இட்டு, மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். சீராக மூடியிருந்தால் போதும். திறந்திருந்தால் படிப்படியாகக் கூட்டலாம். தார் கசிந்தாலோ, கல் வெள்ளையாகத் தெரிந்தாலோ உடனே குறைக்க வேண்டும். தடிப்பில் செய்த மாற்றம் முழுமையாகத் தெரிய, இழுக்கும் கையின் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு தூரம் செல்ல வேண்டும். கை 3 மீற்றர் என்றால் 15 மீற்றர். அதற்குள் பொறுமையிழந்து திரும்பத் திரும்பத் திருகினால் வீதி அலையலையாகும். பேவர் நிற்கும்போது அதிர்வும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிரீட் அமிழ்ந்து குறுக்கே தடம் விழும். புதிய இயந்திரங்களில் இது தானாக நடக்கும். பழையவற்றில் ஒபரேட்டர் கவனிக்க வேண்டும்.

றோலரின் வேலை றோலருக்கே

காற்று இடைவெளியே இல்லாத கலவையின் அடர்த்தியை நூறு வீதம் என்று வைத்தால், சாதாரண ஸ்கிரீட்டின் பின்னால் 75 முதல் 85 வீதம் வரைதான் கிடைக்கும். மீதியை றோலர்தான் கொடுக்க வேண்டும். பேவரின் அதிர்வால் றோலர் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற கணக்கு அடிப்படையிலேயே பிழையானது.

இதில் இன்னொரு நட்டமும் ஒளிந்திருக்கிறது. அதிர்வு மாறும்போது தடிப்பும் மாறுவதால், குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒபரேட்டர் கொஞ்சம் கூட்டி வைப்பார். வெறும் 5 மில்லிமீற்றர் கூடினாலும், மூன்றரை மீற்றர் அகல வீதியில் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 40 தொன் கலவை கூடுதலாகப் போகும். பத்துத் தொன் லொறியில் நான்கு லோட். அதற்கு யாரும் நமக்குப் பணம் தரப்போவதில்லை.

வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

பேவர் வாடகைக்கு எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடுப்பகுதியிலும் இரு நீட்டிப் பகுதிகளிலும் அதிர்வு கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? வீச்சம் இப்போது எந்த நிலையில் உள்ளது? அடித்தகடு எவ்வளவு தேய்ந்துள்ளது? பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாடகை மலிவாக இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

வேலைத்தளத்தில் ஒரு கொப்பி வைத்திருங்கள். அன்றைய தடிப்பு, கலவையின் சூடு, பேவரின் வேகம், அதிர்வின் அளவு, கிடைத்த அடர்த்தி ஆகிய ஐந்தையும் எழுதி வாருங்கள். சில வேலைகள் முடிந்த பின் அந்தக் கொப்பியே உங்களுக்கு வழிகாட்டும். 2017 இல் நட்டப்பட்ட பிறகு நான் அப்படியொரு கொப்பியைத் தொடங்கினேன். இப்போது எந்த ஒபரேட்டர் வந்தாலும் முதலில் அதைத்தான் அவர் கையில் கொடுக்கிறேன்.