வீட்டை மதிப்பிட வருமுன்...

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டின் பேரில் வங்கியில் கடன் கேட்டுப் பார் என்பதையும் இந்நாளில் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் போலும்!

ஆம்பூர்ப் பகுதியில் நாம் அறிந்த ஒரு குடும்பம். தோல் பதனிடும் தொழிலகத்தில் உழைத்த தந்தை சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு. அவர் மறைந்து பல ஆண்டுகளாயின. காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் மகன், தம் மகளின் செவிலியர் படிப்புக்காக அவ்வீட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்டார். மதிப்பீட்டாளர் வந்து ஒரு மணி நேரத்தில் அளந்து சென்றுவிட்டார். கடன் கைக்கு வரவோ ஐந்து மாதங்களாயின. பட்டா தந்தையின் பெயரிலேயே இருந்தது. மாடியறை வரைபடத்தில் இல்லை. மணமாகிச் சென்ற தங்கையின் கையொப்பமும் இல்லை. முதலாண்டுக் கட்டணத்திற்காகத் தாயின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன.

குறை மதிப்பீட்டாளரிடம் இல்லை; முன்னேற்பாடு செய்யாத நம்மிடமே இருந்தது.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது?

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே கணக்கிடுகிறார். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற மனைகளின் விலையையும், பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு நிலத்தின் விலையைக் காண்கிறார். அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவைக் கணித்து, வயதுக்கும் தேய்மானத்திற்கும் ஏற்பக் கழித்துக் கட்டடத்தின் விலையைக் காண்கிறார். பத்திரத்தில் எழுதிய அளவும், நான்கெல்லையும், தரையில் காணும் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாத இடத்தில் அவர் பேனா நின்றுவிடும். வங்கியின் வழக்கறிஞரும் அதே தாள்களைத்தான் ஆராய்வார்.

எடுத்து வைக்க வேண்டியவை

விற்பனைப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்கள், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வையுங்கள். வில்லங்கச் சான்றைப் பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்குக் கேட்பார்கள். மதிப்பீட்டாளருக்கு நகல்களைக் கொடுத்தால் போதும். மூலங்களைச் சரிபார்க்க மட்டும் காட்டுங்கள்.

பழைய பத்திரம் சென்ட் கணக்கில் இருக்கும். பட்டாவோ ஏர் கணக்கில் இருக்கும். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் ஏறத்தாழ 1,076 சதுர அடி. 5 சென்ட் மனை பட்டாவில் 2 ஏருக்குச் சற்றே கூடுதலாகக் காணப்பட்டால் கலங்க வேண்டாம், இரண்டும் ஒன்றே. கணக்கு ஒவ்வாவிடில் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு செய்து, நில அளவரைக் கொண்டு முன்கூட்டியே அளந்துகொள்வது நலம்.

நம் பகுதிக்கே உரிய சில

நம் பத்திரங்களில் மாவட்டப் பெயரே மாறி மாறி வரும். முன்பு வடஆர்க்காடு மாவட்டம்; பின்னர் வேலூர் மாவட்டம்; 2019 முதல் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். நகர அளவை முடிந்த இடங்களில் பழைய சர்வே எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரு தாளில் அருகருகே எழுதி வைத்தால், வெளியூரிலிருந்து வருபவர்க்கும் ஐயம் எழாது.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். தோல் கழிவுகளால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதையும், அது குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நாம் அறிவோம். கிணற்று நீர் உவர்ப்பாயின் அதனை மறைக்க வேண்டாம். குடிநீர்க் குழாய் இணைப்பு இருப்பின் அதன் ரசீதைக் காட்டுங்கள். ஏரி, ஓடைப் புறம்போக்கை ஒட்டிய மனையாயின் புலப்படம் இன்றியமையாதது.

உடன்பிறந்தாளின் பங்கு

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமபங்கு. மகன், மகள் என்ற வேறுபாடு அங்கு இல்லை. “சீர்தான் செய்துவிட்டோமே” என்ற சொல் சட்டத்தின் முன் நில்லாது.

ஆகவே வாரிசுச் சான்றிதழ் பெற்று, அன்னையோடும் உடன்பிறந்தாரோடும் அமர்ந்து பேசுங்கள். தங்கை தன் பங்கை மனமுவந்து விடுவதாயின் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. அவள் தன் பங்கை விரும்பினால் அதனைக் கொடுப்பதே நீதி. கடன் அவசரத்தில் கையொப்பம் கேட்டு ஓடுவது அன்பையும் புண்படுத்தும். நாம் கூறிய குடும்பத்தின் தங்கையும், “இத்தனை ஆண்டும் என்னைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையே, அண்ணா!” என்றே கண்கலங்கினாள். பின்னர் கையொப்பமிட்டாள். ஆனால் அச்சொல் இன்னும் அவர் நெஞ்சில் இருக்கிறது.

வரும் நாளன்று

பகல் வெளிச்சத்தில் வரச் சொல்லுங்கள். எல்லா அறைகளையும் மாடிக் கதவையும் திறந்து வையுங்கள். எல்லைக் கற்களை மூடிய செடிகொடிகளை முன்னாளே அகற்றுங்கள். வீட்டின் வரலாறு அறிந்த ஒருவர் உடனிருக்கட்டும்: எந்த ஆண்டில் கட்டியது, எப்போது மாடி எழுப்பியது, என்னென்ன பழுது பார்த்தது என்பன அவர் நாவில் இருக்க வேண்டும். ஈரம் கசியும் சுவரைச் சுண்ணாம்பு பூசி மறைப்பதால் பயனில்லை. அனுமதியின்றிக் கட்டிய அறையைப் பற்றியும் மெய்யே கூறுங்கள். அவர் கையில் தனியாகப் பணம் திணிக்க வேண்டாம். கட்டணத்தை வங்கி கூறும் வழியிலேயே செலுத்தி ரசீது பெறுங்கள்.

மதிப்பு குறைவாகத் தோன்றினால் சினங்கொள்ளாதீர்கள். அளவில் பிழை உண்டா, அருகில் பதிவான விற்பனை விடுபட்டதா என்று பார்த்து, சான்றோடு வங்கிக்கு எழுதுங்கள்.

கடன் கேட்கும் நாள் வரை காத்திராமல், வரும் ஞாயிறன்றே அலமாரியைத் திறந்து பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? யார் பெயர் விடுபட்டிருக்கிறது? அவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டுவிட்டால், மதிப்பீட்டாளரின் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே முடியும்.